கிளாசிக் 350க்கு வலுக் கூட்டல்: யாழ்ப்பாண வேலைத்தளம் ஒன்றின் மதிப்பீடு

பயணப் பொதிகளுடனும் பின்னிருக்கையில் ஒருவருடனும் ஏ-9 வீதியில் நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கு, காபரேற்றர் பொருத்திய பழைய றோயல் என்பீல்ட் கிளாசிக் 350 மோட்டார் சைக்கிளின் குறை தெரிந்ததே. அதன் 346 சிசி எஞ்சின் புதிதாக இருக்கும்போதே ஏறத்தாழ 20 குதிரைவலுதான் தரும். காற்றை வெல்லத் தேவையான வலு வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுவதால், ஆனையிறவில் சோளகம் எதிர்த்து அடிக்கையில் ஐந்தாம் கியரில் வண்டி இழுக்க மறுத்துவிடும்.

இதற்காக நான் நாடியது காங்கேசன்துறை வீதியை அண்டிய ஒரு சிறிய வேலைத்தளம். பெரிய பிஸ்டன் போட்டால் வலு கூடும் என்ற பேச்சு இங்கே பரவலாக உண்டு. அதை அவர்கள் விற்கவில்லை என்பதே என் முதற் பாராட்டு. “போர் அடிச்சாப் (சிலிண்டரைக் குடைந்து பெருப்பித்தால்) பவர் கூடாது அண்ணை, புகைதான் நிக்கும்” என்று மெக்கானிக் நேராகவே சொன்னார். கணக்கும் அதுதான்: 70 மில்லிமீற்றர் விட்டமும் 90 மில்லிமீற்றர் வீச்சும் உள்ள சிலிண்டரை ஒரு மில்லிமீற்றர் பெருப்பித்தாலும் கொள்ளளவு 356 சிசியைத்தான் எட்டும், அதாவது கூடுவது நூற்றுக்கு மூன்று வீதம்கூட இல்லை.

தேய்ந்திருந்த சிலிண்டரைச் சீர்செய்யவே அடுத்த அளவுப் பிஸ்டனைப் போட்டார்கள். உண்மையான கவனம், சிலிண்டரின் மேல் வால்வுகளைத் தாங்கி நிற்கும் ஹெட்டில் இருந்தது. வால்வுகளைப் பேஸ்ற் இட்டு அரைத்த பின், ஹெட்டைக் கவிழ்த்து எரியறையில் பெற்றோலை ஊற்றி, துவாரங்களின் பக்கம் ஈரம் கசிகிறதா என்று பார்த்தார்கள்; ஒரு வால்வு கசிந்ததால் மறுபடியும் அரைத்தார்கள். காற்று வடிகட்டியை மாற்றியதற்கு ஏற்ப காபரேற்றரில் பெற்றோலை அளந்து விடும் மெயின் ஜெற்றையும் ஒரு படி கூட்டி, ஓட்டிப் பார்த்து வந்து பிளக்கைக் கழற்றி, அது வெளுக்காமலும் கரி பிடிக்காமலும் இளம்பழுப்பாக இருந்த பின்னரே வண்டியைத் தந்தார்கள். சைலன்சரில் கைவைக்கவில்லை; சத்தம் கூடினால் வலு கூடிவிடாது.

ஹெட்டைச் சீவி, 8.5:1 என்ற அமுக்க விகிதத்தை உயர்த்த வேண்டாம் என்ற ஆலோசனையும் சரியே. காற்றால் மட்டும் குளிரும் எஞ்சினில், பாரத்துடன், ஒக்டேன் 92 பெற்றோலில், வன்னி வெயிலில் பெற்றோல் தானாகவே வெடித்து எஞ்சின் தட்டத் தொடங்கிவிடும்.

இப்போது ஐந்தாம் கியரிலேயே முந்திச் செல்ல முடிகிறது. இது புதிதாகப் பிறந்த வலு அல்ல, பெரும்பாலும் இழந்தது மீண்டதே. நெடும்பயணத்துக்கு அது போதும்.

குறைகளும் உண்டு. சொன்ன நாளில் வேலை முடியவில்லை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் விட்ட இடைவெளியைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரும்படி கேட்டும் எழுதவில்லை. 500 சிசி சிலிண்டர் போட விரும்புவோர், பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் கொள்ளளவும் குறிக்கப்பட்டிருப்பதால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்த பின்னரே இந்த வேலைத்தளத்தின் படியேறுவது நல்லது. அந்த விளக்கத்தை இவர்களிடம் எதிர்பார்க்க முடியாது.