என்.சி.சி.யா, சாரணர் இயக்கமா, ஜே.ஆர்.சி.யா? எட்டாம் வகுப்பில் எதைத் தேர்ந்தெடுப்பது

ஒவ்வொரு ஜூன் மாதமும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி, "சார், எதில் சேர்த்தால் சான்றிதழ் பயன்படும்?" என்பதுதான். அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருக்கும் நான் சில ஆண்டுகள் சாரணர் பொறுப்பை ஏற்றிருந்தேன். அதே மைதானத்தின் மறுபுறத்தில் நடக்கும் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) பரேடையும் வாரந்தோறும் பார்த்து வருகிறேன். எனக்குச் சாரணர் பக்கம் சற்றுச் சாய்வு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் எல்லாப் பிள்ளைக்கும் அதையே நான் பரிந்துரைப்பதில்லை.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இந்த இயக்கங்கள் ஒன்றோடொன்று போட்டியிடுவதற்குக் காரணம் நேரம்தான். பரேடும் சாரணர் கூட்டமும் பெரும்பாலும் சனிக்கிழமைக் காலையிலோ, வார நாளில் பள்ளி விட்ட பிறகோ நடக்கின்றன. இரண்டிலும் பெயர் கொடுத்த பிள்ளை எதிலும் நிலைப்பதில்லை.

தேசிய மாணவர் படை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத் தொடங்கப்பட்டது. பள்ளி மாணவர்க்கு ஜூனியர் டிவிஷன், மாணவியர்க்கு ஜூனியர் விங், இரண்டு ஆண்டுப் பயிற்சி, முடிவில் 'ஏ' சான்றிதழ் தேர்வு என்பது அதன் அமைப்பு. எட்டாம் வகுப்பில் சேர்ந்தால் ஒன்பதாம் வகுப்பு இறுதியில் தேர்வை எழுதிவிட்டுப் பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்கு முழுமையாக உட்காரலாம் என்பதால்தான் எட்டாம் வகுப்பை ஏற்ற காலம் என்கிறேன். ஒன்பதில் சேரும் பிள்ளைக்கு முகாமும் அரையாண்டுத் தேர்வும் பொதுத்தேர்வும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும்.

பயிற்சியை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் சில வாரங்கள் ஏறக்குறைய நிற்பதிலேயே கழியும். 'சாவ்தான்' (நேராக நில்) என்றால் குதிகால்கள் சேர்ந்து, பாதங்கள் முப்பது டிகிரி விரிந்து, மூடிய கைகள் கால்சட்டைத் தையலோடு ஒட்டியிருக்க வேண்டும். 'விஸ்ராம்' (இளைப்பாறு) என்றால் கால்களுக்கிடையே பன்னிரண்டு அங்குலம். மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தாலும் கை எழக்கூடாது. வகுப்பில் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்காராத பையன் ஒருவன், என்.சி.சி. பட்டாலியனிலிருந்து பயிற்சி தர வந்த ராணுவ ஹவில்தாரின் முன்னால் இருபது நிமிடம் அசையாமல் நின்றதைப் பார்த்து அவனுடைய அம்மாவே என்னிடம் வியந்தார். உடலை அடக்கிப் பழகிய அந்தப் பிள்ளைக்கு இரண்டாம் ஆண்டில் பத்துப் பேர் கொண்ட வரிசையை நடத்தும் பொறுப்பு கிடைத்தபோது, அதுவரை தொண்டைக்குள்ளேயே இருந்த குரல் மைதானத்தின் எல்லை வரை கேட்டது. பத்து நாள் ஆண்டு முகாமும் 0.22 துப்பாக்கி சுடும் பயிற்சியும் இதற்கு மேல் கிடைப்பவை.

ஆணைச் சொற்கள் இந்தியில் இருப்பது இன்றும் சில பெற்றோருக்கு உறுத்தலாக இருக்கிறது. அந்த உறுத்தலுக்கு வரலாறு உண்டு. 1968 ஜனவரி 23 அன்று அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில், என்.சி.சி.யின் இந்தி ஆணைச் சொற்களைக் கைவிடுவதும் ஓர் அங்கமாக இருந்தது. இன்றைய பிள்ளைகள் அந்தச் சொற்களை ஒரே மாதத்தில் பழகிக்கொள்கிறார்கள் என்பது உண்மை. ஆயினும் அவற்றின் பொருளைத் தமிழில் சொல்லித்தரும் பொறுப்பாசிரியர் இருந்தால் பயிற்சி இன்னும் நன்றாக மனத்தில் பதியும் என்பது என் எண்ணம்.

சாரணர் இயக்கம் வேறொரு திசையிலிருந்து தொடங்குகிறது. 1907இல் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் இருபது சிறுவர்களோடு நடத்திய முகாமில் அவர்களைச் சிறு அணிகளாகப் பிரித்தார். இன்றும் ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணியே இயக்கத்தின் உயிர். பாரத சாரண சாரணியர் அமைப்பு 1950 நவம்பர் 7 அன்று உருவானது. பிரவேஷ் (நுழைவு) தொடங்கி மூன்று சோபான்கள் (படிநிலைகள்), அதன்பின் ராஜ்ய புரஸ்கார் (மாநில விருது), இறுதியாகக் குடியரசுத் தலைவர் விருது என்று படிகள் ஏறுகின்றன. பத்து வயதிலேயே சேரலாம் என்பது என்.சி.சி.க்கு இல்லாத வசதி.

இங்கே ஆணையிடும் பெரியவர் குறைவு. ஒருமுறை பகல் முகாமில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தலைமையில் ஆறு பேர் சோறாக்க வேண்டியிருந்தது. முந்தைய நாள் மழையில் விறகு நனைந்து கிடந்தது. தீ மூன்று முறை அணைந்தது. தலையிடக் கூடாது என்ற விதி எனக்கு. கை துடித்தது, ஆனாலும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் நனைந்த கட்டைகளின் பட்டையை உரித்து உள்மரத்தைச் சிம்புகளாகப் பிளக்கச் சொன்னாள். அழுதுகொண்டிருந்த சின்னவனை வெங்காயம் உரிக்க உட்காரவைத்தாள். பிற்பகல் இரண்டரை மணிக்கு அடிப்பிடித்த சோறும் உப்புக் குறைந்த சாம்பாரும் வந்தன. அவள் அன்று எடுத்த முடிவுகள் எவையும் யாரும் கற்றுக்கொடுத்தவை அல்ல. அணி முறை ஒழுங்காக நடக்கும் பள்ளியில் இதுதான் நடக்கும்.

ஆனால் எத்தனை பள்ளிகளில் ஒழுங்காக நடக்கிறது என்று கேட்டால் என் மனம் வருந்துகிறது. என்.சி.சி.யில் பட்டாலியன் மேற்பார்வை இருப்பதால் பரேடை நடத்தியே ஆக வேண்டும். சாரணர் இயக்கம் முழுக்க முழுக்கப் பொறுப்பாசிரியரின் ஆர்வத்தை நம்பி நிற்கிறது. அவர் மாறுதலாகிப் போனால் அடுத்த மாதமே முடிச்சுப் பழகும் கயிறுகள் பெட்டிக்குள் போய்விடும். சுதந்திர நாளில் கழுத்துத் துணி கட்டி அணிவகுக்க மட்டும் சாரணர்களை வைத்திருக்கும் பள்ளியை நான் அறிவேன். அங்கே பிள்ளையைச் சேர்ப்பதைவிட என்.சி.சி.யே பல மடங்கு மேல். செலவிலும் வேறுபாடு உண்டு: என்.சி.சி. சீருடைக்கு அரசு பொறுப்பேற்கிறது. சாரணர் சீருடையைப் பெரும்பாலும் பெற்றோரே வாங்க வேண்டும்.

ஜே.ஆர்.சி. எனப்படும் இளையோர் செஞ்சிலுவைச் சங்கத்தைப் பெற்றோர் மூன்றாம் இடத்தில்கூட வைப்பதில்லை. அது தவறு. உடல் வலிமையோ உயரமோ கேட்காத, நேரமும் குறைவாகக் கேட்கும் இயக்கம் இது. மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து வைப்பதுதான் நம் வீடுகளின் வழக்கம். தலையைச் சற்று முன்னால் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதை இங்கே கற்ற பிள்ளை வாழ்நாள் முழுவதும் மறக்காது. தீக்காயத்தில் பற்பசை தடவாமல் ஓடும் நீரில் காட்டுவது, முக்கோணத் துணியால் கைக்குத் தூளி கட்டுவது ஆகியவையும் அப்படியே. காலை வழிபாட்டில் யாராவது மயங்கி விழும்போது யார் முதலில் ஓடுகிறார்கள் என்று பார்த்தால், அந்தப் பள்ளியில் ஜே.ஆர்.சி. இருக்கிறதா, பெயருக்கு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

நாட்டு நலப்பணித் திட்டத்தை எட்டாம் வகுப்பில் கேட்பவர்களும் உண்டு. 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கி, 1985இல் மேல்நிலை வகுப்புகளுக்கு வந்த திட்டம் அது. பதினொன்றாம் வகுப்பில்தான் சேர முடியும். ஆண்டுக்கு 120 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் கொண்ட அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இனிச் சான்றிதழ். ராணுவத்தில் எழுத்துத் தேர்வின்றி நேரடியாக எஸ்.எஸ்.பி. (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்காணலுக்கு அழைக்கும் என்.சி.சி. சிறப்பு நுழைவு, கல்லூரியில் பெறும் 'சி' சான்றிதழுக்கு உரியது. பள்ளியின் 'ஏ' சான்றிதழ் அங்கே செல்லாது. தமிழ்நாடு காவலர் தேர்வில் என்.சி.சி.க்கும் நாட்டு நலப்பணித் திட்டத்துக்கும் சிறப்பு மதிப்பெண் உண்டு. ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அதற்கு மேல்படி விருதும் தொடர்ந்த ஈடுபாடும் வேண்டும். பதின்மூன்று வயதில் சேர்ந்து இரண்டு ஆண்டில் விலகும் பிள்ளைக்கு இவற்றில் எதுவும் உடனடியாகக் கைகொடுக்காது.

ஆகவே என்னிடம் வரும் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். ஓடவும் வியர்க்கவும் விரும்பும், அல்லது கூச்சத்தில் முடங்கிக் கிடக்கும் பிள்ளைக்கு என்.சி.சி.; பிறரைச் சேர்த்துக்கொண்டு எதையாவது செய்துகொண்டே இருக்கும் பிள்ளைக்கு, நல்ல பொறுப்பாசிரியர் இருந்தால், சாரணர்; உடல்நலம் இடம் கொடுக்காத, அல்லது வெகுதூரத்திலிருந்து பேருந்தில் வரும் பிள்ளைக்கு ஜே.ஆர்.சி. விண்ணப்பத்தில் கையெழுத்திடுவதற்கு முன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரை வாசலில் நிறுத்தி, போன வாரம் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். ஒருவன் தன் பூட்ஸ் நாடாவையே அவிழ்த்து முடிச்சுப் போட்டுக் காட்டுவான். இன்னொருவன், "சார் வரலை" என்பான்.