இரவல் காரில் ஒரு வருஷமா, நேரடிக் களமா? உலக ராலிக்குப் புதிதாக வரும் நிறுவனத்துக்கு எது தோது

உலக ராலி சாம்பியன்ஷிப்பில் புதிதாகக் கால் வைக்கும் கார் நிறுவனத்துக்கு மூன்று வழி. ஃபோக்ஸ்வாகன் போல ஒரு வருஷம் வேறு காரில் ஓடிப் பழகிவிட்டுத் தன் காரை இறக்கலாம். ஹூண்டாய் போலச் சொந்தப் பட்டறை போட்டு நேராகக் குதிக்கலாம். டொயோட்டா போல, ராலியில் ஊறிய ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம். என் ஓட்டு முதல் வழிக்கு. பணம், நல்ல ஓட்டுநர், வேகமான எஞ்சின் ஆகியவை எந்த வழியில் போனாலும் வேண்டும், அவற்றை விட்டுவிடலாம்.

ஒப்படைக்கும் வழியில் பலன் சீக்கிரம் கிடைக்கும். டொயோட்டா 2017-ல் திரும்பி வந்தபோது அணியை நடத்தியவர் நான்கு முறை உலக சாம்பியனான டொம்மி மாக்கினென். இரண்டாவது ராலியான ஸ்வீடனிலேயே யாரி-மட்டி லட்வாலா ஜெயித்தார். அடுத்தது மெக்சிகோ. அங்கே எஞ்சின் கொதித்தது. அந்த ராலி எட்டும் 2,700 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். ரேடியேட்டர் வழியே அதே வேகத்தில் போனாலும் அந்தக் காற்று பழைய அளவுக்குச் சூட்டை வாங்காது. அணி இருந்த பின்லாந்தின் காட்டில் ஓட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் 2018-லேயே தயாரிப்பாளர் பட்டம் வந்துவிட்டது என்பதை மறைக்கக் கூடாது.

இதே வழியில் வந்த மினியின் கதை வேறு. 2011-ல் புரோடிரைவ் நிறுவனம் காரைக் கட்டியது. 2012 மான்டி கார்லோவில் டானி சோர்டோ இரண்டாவதாக வந்தும், கொஞ்ச நாளில் பிஎம்டபிள்யூ தன் நேரடி ஆதரவை விலக்கிக்கொண்டது. பட்டறையும் ஆட்களும் இன்னொருவருடையதாக இருந்தால் விலகுவது ஒரு கையெழுத்து வேலை. (சொந்த அணியென்றால் நிலைக்கும் என்றும் இல்லை. ஃபோக்ஸ்வாகனே 2016 முடிவில் கடையைக் கட்டியது.)

இனி நேராகக் குதிப்பது. ஜெர்மனியின் அல்ட்செனாவில் ஹூண்டாய் தன் பட்டறையைத் தொடங்கியது 2012 கடைசியில். 2014 ஜனவரியில் மான்டி கார்லோவில் களமிறங்கியாயிற்று. முதல் ஸ்டேஜிலேயே (நேரம் கணக்கிட்டு ஓட்டும் சாலைப் பகுதி) தியரி நுவில் மோதி வெளியேறினார். ஹூண்டாய்க்கு வந்து நன்றாக ஓடிக்கொண்டிருந்த சோர்டோவை மின்கோளாறு நிறுத்தியது. அதே ஆகஸ்டில் ஜெர்மனி ராலியில் முதல் வெற்றி கிடைத்தது உண்மை. முன்னால் ஓடிய, அப்போது ஃபோக்ஸ்வாகனில் இருந்த ஓஜியே, லட்வாலா, சிட்ரோயனின் மீக் மூவரும் சாலையை விட்டுப் போனதும் அதற்கு ஒரு காரணம். தயாரிப்பாளர் பட்டத்துக்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

என் கணக்கில் இதையெல்லாம் முடிவு செய்யும் இடம் சர்வீஸ் பார்க், அதாவது அணிகள் கூடாரம் போட்டுக் காரைப் பழுதுபார்க்கும் திடல். ராலியில் கார் உடைவது செய்தியே அல்ல. மதிய சர்வீஸுக்கு அரை மணியோ கொஞ்சம் கூடவோதான், மாலையில் 45 நிமிஷம். தாமதமாக வெளியே வந்தால் நிமிஷத்துக்கு 10 விநாடி அபராதம்; ஸ்டேஜில் அந்தப் பத்து விநாடியைத் திரும்பப் பிடிக்க ஓட்டுநர் உயிரைக் கொடுத்து ஓட்ட வேண்டும். கார் கூடாரத்துக்குள் நுழையும் முன்பே எந்த ஷாக் அப்சார்பர், எந்த கியர்பாக்ஸ், எது மாறாமல் போகலாம் என்று முடிவாகியிருக்க வேண்டும். சம்ப் கார்டை (எஞ்சினுக்கு அடியில் இருக்கும் காப்புத் தகடு) கழற்றுபவரும் கியர்பாக்ஸை இறக்குபவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கை வைத்தால் ஐந்து நிமிஷம் போச்சு. இந்த வரிசை காகிதத்தில் வராது, கை பழகித்தான் வரும்.

ஸ்டேஜுகளுக்கு நடுவில் இன்னும் கஷ்டம். ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் மட்டும்தான் காரைத் தொடலாம், அதுவும் காரில் உள்ளதை வைத்து. 2014 மெக்சிகோவில் நுவில் மூன்றாவதாக முடித்தார். ஹூண்டாய்க்கு அதுதான் முதல் பரிசு மேடை. சர்வீஸுக்குத் திரும்பும் வழியில் ரேடியேட்டர் ஒழுகியது. கடைசி ஸ்டேஜ் முடிவில் பரிசாகக் கிடைத்த கொரோனா பீர் பாட்டிலைத் திறந்து ரேடியேட்டரில் ஊற்றித்தான் வந்து சேர்ந்தார். சிரிப்புத்தான். ஆனால் எந்த ராலிக்கு எந்தச் சாமானைக் காரில் ஏற்றுவது, எதை எடைக்காக விடுவது என்பதை ஓர் அணி இப்படித்தான், ஒவ்வொன்றாக, கற்றுக்கொள்கிறது.

ஃபோக்ஸ்வாகன் இந்தப் பாடங்களை 2012-லேயே, அதே குழுமத்தின் ஸ்கோடா ஃபாபியா எஸ்2000 காரில் படித்து முடித்தது. அந்தக் காரில் 2.0 லிட்டர் டர்போ இல்லாத எஞ்சின். பின்னால் வந்த போலோவில் 1.6 லிட்டர் டர்போ. ஆகவே காரைப் பற்றி அதிகம் கற்றிருக்க முடியாது. கற்றது ஆட்கள்: பேஸ் நோட் (துணை ஓட்டுநர் வாசிக்கும் சாலைக் குறிப்பு), டயர் தேர்வு, சர்வீஸ் வரிசை. 2013-ல் போலோ முதல் ராலியில் இரண்டாம் இடம், அடுத்ததில் வெற்றி, அதிலிருந்து நான்கு வருஷமும் ஓட்டுநர், தயாரிப்பாளர் இரண்டு பட்டங்களும். ஓஜியேயின் திறமை இல்லாமல் இது நடந்திருக்குமா என்று கேட்டால், தயக்கத்தோடுதான் ஆமென்று தலையாட்டுவேன்.

ஒரு வருஷம் வெற்றிக்கு வாய்ப்பே இல்லாமல் செலவழிக்க இயக்குநர் குழு சம்மதிக்க வேண்டும். பல நிறுவனங்களுக்கு இந்த வழி அடைபடுவது அங்கேதான்.

2027 விதிகள் கணக்கைக் கொஞ்சம் மாற்றுகின்றன. காருக்கு 3,45,000 யூரோ விலை வரம்பு, குழாய்களால் கட்டிய பாதுகாப்புக் கூண்டு, எஞ்சின் ராலி2 கார்களின் (உச்ச வகுப்புக்கு அடுத்த படி) மட்டத்தில். ஆக இப்போது ஒரு ராலி2 காரை வாங்கி, தன் மெக்கானிக்குகளையே வைத்து ஒரு பருவம் ஓட்டும் நிறுவனத்துக்கு, ஃபோக்ஸ்வாகனுக்குக் கிடைக்காத எஞ்சின் பாடமும் சேர்ந்தே கிடைக்கும். போட்டியாளரின் காரில் ஓடுவதா என்று கூச்சப்பட்டால், சின்னத்தை ஒட்டாமல் ஓட்டலாம்.