ஒரே துண்டில் கடைந்ததாக விற்கப்பட்ட பூரிக்கட்டை

‘வைரம் பாய்ந்த மரத்தில் ஒரே துண்டாகக் கடைந்தது’ என்ற விளம்பரத்தை நம்பி, இணையத்தில் ஒரு பூரிக்கட்டை வாங்கி ஏமாந்தேன். வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெட்டியைப் பிரித்தபோது கட்டை கருஞ்சிவப்பாகப் பளபளத்தது. அந்தப் பளபளப்பைக் கண்டே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். முதல் நாள் தேய்த்தபோதே மாவின் மேல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு படிந்தது. ஈரத்துணியால் துடைத்தால் துணியிலும் சாயம் ஏறியது. சில நாட்களில் மேற்பூச்சு செதில் செதிலாக உரிந்து, உள்ளே இருந்த வெளிறிய மரம் தெரியத் தொடங்கியது. உரிந்த செதில்கள் மாவோடு சேர்ந்து வயிற்றுக்குள்தானே போயிருக்கும்!

மூன்றாம் வாரத்தில் மாவு ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் வரவே, குறை என் கைப்பழக்கத்தில்தான் என்று எண்ணி, அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். பிறகு சமையல் மேடையின் கல்லில் கட்டையை வைத்து உருட்டியபோது, அது சீராக ஓடாமல் தத்தித் தத்தி நின்றது. மரம் காயும்போது நீளவாட்டத்தைவிடக் குறுக்குவாட்டத்தில்தான் மிகுதியாகச் சுருங்கும். அந்தச் சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இராது. ஆகவே, சரியாக உலராத மரத்தில் கடைந்த உருளை, காய்ந்தபின் வட்டம் இழந்து முட்டை வடிவாகிவிடும்.

ஒருநாள் பூண்டு நசுக்கும்போது கைப்பிடி கழன்று வந்தது. உருளையில் துளையிட்டு, பசை தடவிச் செருகியிருந்த முளை அது. துளைக்குள் பழைய மாவு கறுத்துப் பூசணம் பிடித்திருந்தது.

விற்பனையாளரிடம் படங்களுடன் முறையிட்டேன். நான் கட்டையைத் தண்ணீரில் ஊறவைத்திருப்பேன் என்றும், பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது என்றும் பதில் வந்தது. பயன்படுத்தாமல் இந்தக் குறைகளை எப்படிக் கண்டுபிடிப்பதாம்?

இனி வாங்கும்போது, மரத்தின் வரிகள் உருளையிலிருந்து கைப்பிடி வரை அறுபடாமல் ஓடுகின்றனவா என்று முதலில் பார்ப்பேன். கட்டை கைக்கு வந்ததும், மாவில் படும் முன்பே ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்து, சமதளத்தில் உருட்டிப் பார்த்துவிடுவேன். அதுவரை ஒரு கண்ணாடிப் புட்டியைக் கழுவி வைத்துக்கொண்டு அதில்தான் தேய்க்கிறேன். அது வட்டமாகவாவது இருக்கிறது.