பேட்டரி: கழற்றி மாட்டுவதா, ஒட்டி மூடுவதா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஸ்மார்ட்போன்களுக்குப் புதிய வடிவமைப்பு விதிகள் அமலில் இருக்கின்றன. பேட்டரி விஷயத்தில் தயாரிப்பாளருக்கு அவை இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருக்கின்றன. முதல் வழியில், போன் வைத்திருப்பவரே எளிய கருவிகளால் பேட்டரியை மாற்ற முடிய வேண்டும். இரண்டாவது வழியில் பேட்டரியை ஒட்டி மூடிவிடலாம், ஆனால் அது உழைக்க வேண்டும்: 500 முழு சார்ஜ் சுழற்சிக்குப் பின் (காலியான பேட்டரியை நிரப்பித் தீர்ப்பது ஒரு சுழற்சி) 83 சதவீதம், 1000 சுழற்சிக்குப் பின் 80 சதவீதம் கொள்ளளவு மிஞ்ச வேண்டும். தூசி புகக் கூடாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்க வேண்டும்.

நியாயமான பேரம் போலத்தான் தெரியும். ஆனால் 800 சுழற்சிக்குப் பின் 80 சதவீதம் என்பது எல்லா போன்களுக்கும் பொதுவான விதி. அப்படியானால் ஒட்டி மூடும் உரிமைக்குக் கூடுதலாகத் தரவேண்டிய உழைப்பு வெறும் 200 சுழற்சி. தினமும் ஒரு முழு சார்ஜ் என்றால் ஆறேழு மாதம். இது மிக மலிவான விலை என்றே நினைக்கிறேன். அதிலும் லித்தியம் அயனி பேட்டரி சுழற்சியால் மட்டும் தேய்வதில்லை. சூட்டில், முழு சார்ஜில் சும்மா கிடந்தாலே மூப்படையும், சில நேரம் உப்பியும் போகும். அன்றைக்கு ஆயிரம் என்ற எண் கைகொடுக்காது.

மூடிய போனுக்கும் உண்மையான பலன் உண்டு. பேட்டரியைச் சுற்றிக் கெட்டியான கூடு தேவையில்லை என்பதால் அதே தடிமனில் அதிகக் கொள்ளளவு அடங்கும். ஒட்டி மூடினால்தான் தண்ணீர் புகாது என்ற வாதத்தை மட்டும் அப்படியே ஏற்க முடியவில்லை. 2014இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5 பின்மூடியைக் கையால் கழற்றும் போன். அதற்கே ஐபி67 தரம் இருந்தது, அதாவது தூசி புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். பேட்டரியைக் கையால் கழற்றக்கூடிய ஃபேர்போன் 5 மட்டும் ஐபி55 தரத்தோடு (பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும், மூழ்குவதற்கு உத்தரவாதம் இல்லை) நின்றுவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். கழற்றும் வசதியோடு தண்ணீரையும் தடுக்க வடிவமைப்பில் கூடுதல் உழைப்பு வேண்டும், அவ்வளவுதான்.

நடுவழியும் ஒன்று உண்டு. ஐபோன் 16இல் குறைந்த மின்னழுத்தம் கொடுத்தால் பேட்டரிப் பசை பிடி விடும். நல்ல முன்னேற்றம்தான், ஆனால் பேட்டரியை எட்டுவதற்கு முன் பின்பக்கக் கண்ணாடியைக் கிளப்பியாக வேண்டும்.

எனக்கு முடிவைச் சொல்வது உதிரிபாக விதி. அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் பேட்டரி கிடைக்க வேண்டும். ஒட்டி மூடிய போன் என்றால் அந்த பேட்டரியைத் தயாரிப்பாளர் தொழில்முறை ரிப்பேர்காரருக்கு மட்டும் கொடுத்தாலே போதும். கழற்றும் போன் என்றால் போனின் சொந்தக்காரரும் நேரடியாக வாங்கிக்கொள்ளலாம்.