கலிபோர்னியா ஸ்டிக்கரும் இரண்டரை வெள்ளி எண்ணெயும்

மலேசியாவில் எங்கள் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஜிம்முக்குப் போகும் பிள்ளைகள் ஷோப்பி இணையக் கடையில் அமெரிக்க புரோட்டீன் பவுடர் வரவழைக்கிறார்கள். டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும். இதைச் சாப்பிட்டால் ஈயம் போன்ற ரசாயனங்கள் உடம்பில் சேரலாம், அவை புற்றுநோயையும் கருவுக்குக் கேட்டையும் உண்டாக்கும் என்பது கலிபோர்னியா மாநிலத்துக்குத் தெரியும் என்று. யாராவது அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் அன்று முழுக்க அதே பேச்சுதான். அதே வீட்டு அடுப்பங்கரையில் மானிய விலையில் வாங்கிய இரண்டரை வெள்ளி (ரிங்கிட்) செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில் பாக்கெட் இருக்கும். அதில் எச்சரிக்கை எதுவும் இல்லை, அதைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை.

ஸ்டிக்கர் இருப்பது விஷம், இல்லாதது சுத்தம் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. இரண்டும் இரண்டு வேறு சட்ட வழிகள். ஒன்று "இருந்தால் சொல்லிவிடு" என்கிறது. மற்றது "இதற்கு மேல் இருந்தால் விற்காதே" என்கிறது.

கலிபோர்னியா வழி 1986-ல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த புரொபோசிஷன் 65. பட்டியலில் சுமார் 900 ரசாயனங்கள். எதையும் அது தடை செய்வதில்லை, எச்சரிக்கை போட்டால் போதும். போடாவிட்டால் மீறல் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 2,500 டாலர் வரை அபராதம். அரசாங்கம்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை, தனியாரும் போடலாம். ஒட்டாமல் விட்டால்தான் வம்பு என்றான பிறகு கம்பெனிகள் என்ன செய்யும்? எதற்கும் இருக்கட்டும் என்று ஒட்டித் தள்ளுகின்றன.

அளவைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஈயம் கருவைப் பாதிக்கும் என்பதற்கான கலிபோர்னியா எல்லை நாளுக்கு 0.5 மைக்ரோகிராம். பாதிப்பு எதுவும் தெரியாத அளவை ஆயிரத்தால் வகுத்து எடுப்பது அவர்கள் விதி. சரி, நம் மஞ்சள்தூளை வைத்துக் கணக்குப் போடுவோம். ஐரோப்பிய ஒன்றியம் மஞ்சள் போன்ற கிழங்கு மசாலாவில் கிலோவுக்கு 1.5 மில்லிகிராம் ஈயம் வரை விடுகிறது. கிராமுக்கு 1.5 மைக்ரோகிராம். குழம்பில் 3 கிராம் போட்டால் 4.5 மைக்ரோகிராம், நாலு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். ஐரோப்பாவில் தாராளமாக விற்கக்கூடிய தூளே கலிபோர்னியா எல்லையை இரண்டு மடங்கு தாண்டிவிடுகிறது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை, அதனால் கலிபோர்னியாக்காரர்களைப் பைத்தியம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஸ்டிக்கரில் எண் கிடையாது. எல்லையை ஒரு நூலிழை தாண்டியதும் நூறு மடங்கு தாண்டியதும் ஒரே வாசகத்தோடு வருகின்றன. வாங்குகிறவர் அதை வைத்து என்ன முடிவெடுப்பார்?

காபி கதையும் உண்டு. வறுக்கும்போது உண்டாகும் அக்ரிலமைடு என்ற ரசாயனம் காரணமாகக் காபிக்கும் எச்சரிக்கை வேண்டும் என்று 2018-ல் ஒரு நீதிபதி சொன்னார். மறு வருஷமே மாநில அரசு விதியை மாற்றிக் காபிக்கு விலக்குக் கொடுத்துவிட்டது.

நியாயமாகச் சொன்னால், அந்தச் சட்டம் வேலை செய்வது ஸ்டிக்கர் ஒட்டாத இடத்தில்தான். வழக்குக்குப் பயந்து சரக்கையே மாற்றியவர்கள் உண்டு. 2008-ல் உருளைக்கிழங்கு சிப்ஸ் கம்பெனிகள் சில அக்ரிலமைடை மூன்று வருஷத்தில் 275 பிபிபிக்கு (நூறு கோடியில் 275 பங்குக்கு) குறைப்பதாகக் கலிபோர்னியா அரசுடன் சமரசம் செய்துகொண்டன. சிப்ஸ் வாங்குகிறவருக்கு இது தெரியவே வராது.

இப்போது எண்ணெய். மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனை முதலில் நட்டது 1917-ல், இதே வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில். ஆகவே இது நம் வீட்டு விவகாரம். கச்சா எண்ணெயின் நிறத்தையும் வாசனையையும் எடுக்க 200 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் 3-எம்.சி.பி.டி. எஸ்டர், கிளைசிடைல் எஸ்டர் என்ற இரண்டு வேண்டாத பொருள்கள் உருவாகின்றன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் இதைப் பற்றிக் கடுமையாக எழுதியது. அதன் பிறகு வரம்புகள் வந்தன. கிளைசிடைல் எஸ்டர் கிலோவுக்கு 1,000 மைக்ரோகிராம். 3-எம்.சி.பி.டி. 2021 முதல் செம்பனை எண்ணெயில் 2,500, தேங்காய் எண்ணெயில் 1,250.

இந்த எண்கள் தோட்டத்து மண் வரை இறங்கிவருகின்றன. குலை விழுந்து அடிபட்டாலோ, லோரி வராமல் வெட்டின பழம் இரண்டு நாள் கிடந்தாலோ எண்ணெய் சிதைந்து கொழுப்பு அமிலம் ஏறும். அப்படிப்பட்ட எண்ணெயில்தான் கிளைசிடைல் எஸ்டர் உருவாக வழி அதிகம். 3-எம்.சி.பி.டி. எஸ்டர் உருவாகக் குளோரின் வேண்டும், கச்சா எண்ணெயைத் தண்ணீரில் கழுவினால் அது குறையும். ஆக, வெட்டின பழம் சீக்கிரம் மில்லுக்குப் போக வேண்டும், எண்ணெயைக் கழுவ வேண்டும், சூட்டைக் குறைக்க வேண்டும். வரம்பு தாண்டிய சரக்கு விலைபோகாது என்றால் தோட்டத்துக் கங்காணியான மண்டோர் முதல் மேனேஜர் வரை அசைந்தாக வேண்டும். பாக்கெட்டில் ஒரு எச்சரிக்கை ஒட்டி இதைச் சாதிக்க முடியாது. எண்ணெயைப் பொறுத்தவரை வரம்புதான் கெட்டி என்பது என் கட்சி.

மலேசியாவும் வரம்பு வழிதான். 1983-ம் ஆண்டு உணவுச் சட்டமும் 1985-ம் ஆண்டு உணவு விதிமுறைகளும் கன உலோகங்களுக்கு எல்லை வகுக்கின்றன.

வரம்புக்கும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அதை எழுதிய நாட்டைத் தாண்டினால் வரம்பே வேறு. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் சில இந்திய மசாலா பாக்கெட்டுகளை எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகக் கடையிலிருந்து எடுக்கச் சொன்னது ஞாபகம் இருக்கும். கிருமி நீக்கப் பயன்படும் வாயு அது, புற்றுநோய் தரக்கூடியது. ஐரோப்பா மசாலாவில் அதற்குக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்தான் விடுகிறது. அமெரிக்கா 7 மில்லிகிராம் வரை விடுகிறது. எழுபது மடங்கு! ஒரே மீன்கறி மசாலா ஓர் ஊரில் குற்றம், இன்னோர் ஊரில் குழம்பு.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, அதுவும் கலிபோர்னியாவிலிருந்தே வந்தது. குழந்தை உணவு செய்பவர்கள் 2024 முதல் மாதம் ஒரு முறையாவது ஆர்செனிக், காட்மியம், ஈயம், பாதரசம் நான்கையும் சோதிக்க வேண்டும், 2025 முதல் முடிவை இணையத்தில் போட வேண்டும். ஸ்டிக்கரில் இல்லாத எண் இங்கே கிடைக்கிறது. இரண்டு டப்பாவை ஒப்பிட்டுக் குறைந்ததை வாங்கலாம். மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். எல்லாச் சாமானுக்கும் இது தாங்காது, சோதனைக் காசு விலையில்தான் ஏறும்.

ஆனால் டவுனில் எல்லாமா பெயர் போட்ட டப்பாவில் வருகிறது? அரவை மில்லில் நிறுத்துத் தரும் மஞ்சள்தூளுக்கு இந்த மூன்றுமே எட்டாது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்குக் கலிபோர்னியாவிலேயே புரொபோசிஷன் 65 கிடையாது. "நான் கிழங்காக வாங்கி அரைத்துக்கொள்கிறேன், எனக்கென்ன" என்பார்கள் அக்காமார்கள். பங்களாதேஷில் ஈய குரோமேட்டைக் கிழங்கின் மேலேயேதான் பூசினார்கள், பளபளப்பாகத் தெரிய.

அங்கே அதை நிறுத்தியது எது என்று பாருங்கள். 2019-ல் ஆய்வாளர்கள் விஷயத்தை வெளியில் சொன்னதும் அதிகாரிகள் ஈயத்தைக் கண்டுபிடிக்கும் கையடக்க எக்ஸ்ரே கருவியோடு டாக்கா மொத்தச் சந்தையில் இறங்கினார்கள். கலப்படம் செய்த வியாபாரிகளுக்கு அங்கேயே அபராதம் போட்டது டிவியில் வந்தது. சந்தையில் எடுத்த மாதிரிகளில் 2019-ல் 47 விழுக்காட்டில் ஈயக் கலப்படம் இருந்தது, 2021-ல் ஒன்றில்கூட இல்லை. மசாலா மொத்தமாக இறங்கும் நம் கிள்ளான் கடைகளில் அப்படி ஒரு கருவி மாதம் ஒரு முறை சுற்றினால் போதும், பவுடர் டப்பா ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பும் வேலை எவ்வளவோ மிச்சம்.