கார்ன்ஃப்ளேக்ஸா, சத்துமாவா, பொரியா? கிருமி விஷயத்துல எது தேவலாம்

எங்க பக்கம் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்னு எந்த ஊர எடுத்துக்கிட்டாலும் ஸ்கூல் நாள் காலையில இட்லி ஊத்த நேரமில்லாத வீட்டுல நாலு விஷயம்தான் மாத்தி மாத்தி ஓடுது. அட்டைப்பெட்டியில வர்ற கார்ன்ஃப்ளேக்ஸ், சாக்கோஸ், மியூஸ்லி, கிரனோலா வகையறா ஒண்ணு, அமெரிக்கா சிங்கப்பூர்லேருந்து வர்ற சொந்தக்காரங்க சூட்கேஸ்ல கொண்டாந்து குடுக்கிற பெட்டியும் இதுல சேத்தி. அடுத்தது வீட்டுல வறுத்து மில்லுல அரைக்கிற சத்துமாவு. அப்புறம் வாட்ஸ்அப்ல ஆர்டர் எடுத்து பாக்கெட் போட்டு விக்கிற ஹெல்த் மிக்ஸ். கடைசியா பொரி, அதுல பால ஊத்தி கொஞ்சம் சர்க்கரையோ நாட்டுச்சர்க்கரையோ போட்டா பிள்ளைக சாப்ட்டுட்டு ஓடிரும்.

சத்து, விலை, ருசி இதெல்லாம் வச்சு ஆளாளுக்கு ஒப்பிட்டாச்சு. நான் இங்க பாக்கப்போறது கிருமி மட்டும்தான். ஏன்னா "பாக்கெட்டுன்னா ஆபத்து, வீட்டுல பண்ணுனா சுத்தம்"னு ஒரு கோஷ்டி, "கம்பெனி சரக்குன்னா டெஸ்ட் பண்ணித்தான் வரும், மில்லு மாவுல என்னென்ன இருக்கோ"ன்னு இன்னொரு கோஷ்டி, ரெண்டு பேரும் சொல்றது பாதிதான் சரி. எந்த மாவா இருந்தாலும் எந்தப் பெட்டியா இருந்தாலும் நான் கேக்குறது ரெண்டே கேள்வி: கடைசியா அது நல்லா சூடு பட்டது எப்ப, அந்த சூட்டுக்கப்புறம் வாய்க்கு வர்ற வரைக்கும் வழியில என்னென்ன பட்டுச்சு. இத வச்சுப் பாத்தா வரிசை நீங்க நினைக்கிற மாதிரி வராது.

முதல்ல அட்டைப்பெட்டி. கார்ன்ஃப்ளேக்ஸ் ஃபேக்டரியில மக்காச்சோளத்த வேகவச்சு, ரோலர்ல தட்டி, அடுப்புல வறுக்கிறாங்க, அந்த சூட்டுல கிருமி நிக்காது. பிரச்சனை அதுக்கப்புறம்தான். சூட்டுக்குத் தாங்காத வைட்டமின கடைசியில ஸ்ப்ரே பண்றாங்க, சர்க்கரைப்பாகு கோட்டிங் குடுக்கிறாங்க, கிரனோலாவுல பாத்தா நட்ஸ், உலர் பழமெல்லாம் பேக் பண்ணி ஆறுனப்புறம் கலக்குறாங்க. அந்த இடத்துல மெஷின்லயோ தரையிலயோ ஒழுகுற கூரையிலயோ சால்மொனெல்லாங்கிற வயித்துப்போக்குக் கிருமி இருந்துச்சுன்னா நேரா பெட்டிக்குள்ள போயிரும். அதுக்கப்புறம் நாமளும் அத அடுப்புல ஏத்துறதில்ல, அப்படியே கிண்ணத்துல கொட்டி பால ஊத்துறோம். பால் கொதிக்க கொதிக்க ஊத்துனாலும் கிண்ணத்துல விழுந்த ஒடனே சூடு எறங்கிரும், அத நம்பமுடியாது.

ஈரமே இல்லாத பொருள்ல கிருமி எப்படி இருக்கும்னு நிறைய பேரு கேக்குறாங்க. ஈரம் இல்லாட்டி பெருகாது, அது உண்மை, ஆனா சாகாது. சால்மொனெல்லா காஞ்ச மாவுல, தானியத்துல மாசக்கணக்கா, சில சமயம் வருஷக்கணக்கா அப்படியே கெடக்கும், அதுவும் காஞ்சு போனப்புறம் சூட்ட தாங்குற சக்தி அதுக்கு ரொம்ப கூடிரும், தண்ணியில 70 டிகிரியில சட்டுனு செத்துப்போற அதே கிருமி காஞ்ச மாவுல அதே சூட்டுல ரொம்ப நேரம் நிக்கும். இந்த ஒரு விஷயம் தெரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும்.

இதுக்கு அமெரிக்காவுல நடந்ததே சாட்சி. 1998ல ஓட்ஸ் சீரியல் (பெட்டியில வர்ற தானிய உணவு) ஒண்ணுல சால்மொனெல்லா அகோனான்னு ஒரு ரகம் வந்து நூத்துக்கணக்கான பேருக்கு வயித்துப்போக்கு. மினசோட்டாவுல இருக்கிற மால்ட்-ஓ-மீல் ஃபேக்டரி சரக்கு அது. சுத்தம் பண்ணி திரும்ப ஓட்டுனாங்க. பத்து வருஷம் கழிச்சு 2008 ஏப்ரல்ல அதே ஃபேக்டரியோட அரிசிப்பொரி, கோதுமைப்பொரி சீரியல்ல அதே ரகம் திரும்ப வந்துச்சு. பத்து வருஷம்ங்க! அதுவும் சர்க்கரை கூட போடாத வெறும் பொரி.

அடுத்து 2018 ஜூன்ல கெல்லாக்ஸோட ஹனி ஸ்மாக்ஸ் சீரியல் ரீகால், அதாவது வித்த சரக்க கம்பெனியே திரும்பக் கூப்பிடுறது. 36 மாநிலத்துல 135 பேருக்கு சால்மொனெல்லா, 34 பேரு ஆஸ்பத்திரியில, நல்லவேளையா யாரும் சாகல. அத செஞ்சு குடுத்தது கெர்ரிங்கிற கம்பெனியோட இல்லினாய் பிளான்ட், கெல்லாக்ஸ் பேரு பெட்டியில மட்டும்தான். பின்னாடி கேஸ்ல வெளிய வந்தது என்னன்னா, 2016 ஜூன்லேருந்து 2018 ஜூன் வரைக்கும் அந்த பிளான்ட்டுக்குள்ள அவங்களே எடுத்த டெஸ்ட்ல ஏறக்குறைய 81 தடவ சால்மொனெல்லா இருக்குன்னு வந்திருக்கு, மாசத்துக்கு ஒரு தடவையாவது. சரியா கவனிக்கல. 2023ல குற்றத்த ஒத்துக்கிட்டு 1.9 கோடி டாலருக்கு மேல கட்டுனாங்க. டெஸ்ட் பண்றாங்கிறது வேற, டெஸ்ட்ல வந்ததுக்கு மெஷின நிறுத்துறது வேறங்கிறதுக்கு இதவிட என்ன வேணும். 2023 டிசம்பர்ல குவேக்கர் கிரனோலா பார், கிரனோலா சீரியல் ரீகால் ஆரம்பிச்சு ஜனவரியில இன்னும் நிறைய சரக்குக்கு விரிஞ்சது, அதுவும் சால்மொனெல்லா பயத்துலதான், அத செஞ்ச டேன்வில் பிளான்ட்டையே கடைசியில மூடுறதா சொல்லிட்டாங்க.

இதெல்லாம் அமெரிக்கா சரக்கு, நம்ம ஊரு கடையில இருக்கிற பெட்டி வேற ஃபேக்டரி. அதனால பயந்து தூக்கிப்போடணும்னு நான் சொல்ல வரல. ஆனா செய்முறை ஒண்ணுதான், சூட்டுக்கப்புறம் கோட்டிங், அதுக்கப்புறம் வீட்டுல சூடே இல்ல.

இப்ப பொரிக்கு வாங்க. மணல்ல சூடேத்தி பொரிக்கிறப்ப கிருமி போயிரும், சரி. அதுக்கப்புறம் திறந்த மூட்டை, வெறுங்கை, கடை ஓரத்துல நாள் முழுக்க தூசி, ராத்திரி எலி பல்லி. பல்லி எச்சத்துல சால்மொனெல்லா இருக்கும். மால்ட்-ஓ-மீல்ல மாட்டுனதும் இதே பொருள்தான், அங்க சீல் போட்ட பெட்டிக்குள்ளயே அந்த நெலமைன்னா திறந்த மூட்டையில நாம எதிர்பாக்குறது நியாயமா? நாலுல நான் கடைசியில வைக்கிறது பொரியத்தான். வாங்கி வந்து இரும்புச்சட்டியில நல்லா வறுத்து மொறுமொறுன்னு எடுத்தா கொஞ்சம் பரவாயில்ல, ஆனா மேல சொன்ன மாதிரி காஞ்ச பொருள்ல சூடு முழுசா வேலை செய்யாது. வீட்டுல ஒரு வயசுக்குள்ள குழந்தையோ கர்ப்பிணியோ வயசானவங்களோ இருந்தா அவங்களுக்கு மூட்டைப்பொரி வேண்டாம்.

வீட்டு சத்துமாவுதான் இதுல ரொம்ப பேச வேண்டிய விஷயம். ஆச்சிமாரக் கேட்டா "நாங்க இதக் குடிச்சுத்தானப்பா வளந்தோம், எங்களுக்கு என்ன ஆச்சு"ம்பாக. அவுக சொல்றதுல நெஜம் இருக்கு, ஆனா அதுக்குக் காரணம் மாவு சுத்தமா இருந்ததில்ல, அவுக அத காய்ச்சுன விதம். வழிய பாருங்க: கேழ்வரகு, கம்பு, பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை எல்லாத்தையும் கழுவி வளவுல வெயில்ல காயப்போடுறோம். புறா குருவி எச்சம் படத்தான் செய்யும், ஆனா அதுக்கப்புறம் வறுக்கிறதால பெரும்பகுதி போயிரும். வறுத்து ஆறுனதும் மில்லுக்கு போகுது. அங்கதான் கார்ன்ஃப்ளேக்ஸ் ஃபேக்டரியில நடக்கிற அதே தப்பு நடக்க வழி இருக்கு. நமக்கு முன்னாடி அந்த மெஷின்ல யாரோட வறுக்காத கோதுமை ஓடுச்சோ, பச்ச அரிசி ஓடுச்சோ, மல்லி மிளகு ஓடுச்சோ (மசாலா சாமான்ல சால்மொனெல்லா இருக்கிறது உலகம் முழுக்க தெரிஞ்ச சங்கதி), அந்த மிச்சம் நம்ம வறுத்த மாவுல கலக்குது. மெஷின் வாயில கட்டியிருக்கிற துணிய எப்ப தோச்சாங்கன்னு கேட்டுப்பாருங்க. அப்புறம் சூடா இருக்கிற மாவ வீட்டுக்கு கொண்டாந்து பட்டாசாலையில பேப்பர் விரிச்சு ஆறவைக்கிறோம், கையால கெளர்றோம். சிலபேரு ஆறவைக்காம சூட்டோட எவர்சில்வர் தூக்குல அடைச்சிருவாங்க, மூடியில வேர்த்து தண்ணி மாவுல சொட்டும், அது இன்னும் மோசம், ஈரம் கிடைச்சா சும்மா கெடந்த கிருமி பெருக ஆரம்பிச்சிரும்.

இவ்வளவு நடந்தும் சத்துமாவுக் கஞ்சி ஏன் தேவலாம்னா, கடைசி சூடு நம்ம அடுப்புல. தண்ணியில கரைச்சு, கட்டியில்லாம கெளறி, தளதளன்னு கொதிக்கவிட்டு ஒரு அஞ்சு நிமிஷம் வச்சா அந்த ஈரச்சூட்டுல சால்மொனெல்லா தாக்குப்பிடிக்காது. மில்லு பண்ணுன தப்ப அடுப்பு திருத்திருது. நம்ம ஊரு பலகாரத்துலயே இதுக்கு நல்ல ஜோடி இருக்கு. கும்மாயமும் மாவுருண்டையும். ரெண்டுக்குமே பருப்ப வறுத்து அரைக்கிறோம். கும்மாய மாவ தண்ணி, கருப்பட்டி, நெய் விட்டு அடுப்புல சுருள கெளர்றோம், அதனால மில்லுக்கப்புறம் ஒரு முழு வேக்காடு இருக்கு. மாவுருண்டையில அரைச்ச மாவுல சீனி போட்டு நெய்ய காச்சி ஊத்தி பிடிக்கிறதோட சரி. நெய் சூடாத்தான் இருக்கும், ஆனா காஞ்ச மாவும் கொழுப்பும் சேந்து கிருமிக்கு பாதுகாப்பு குடுக்கும். அதனால மாவுருண்டைக்கு மட்டும் மில்லுக்கு குடுக்காம வீட்டு மிக்ஸியில, நல்லா காஞ்ச ஜார்ல அரைங்கன்னு நான் யார்ட்டயும் சொல்லுவேன். சத்துமாவ லட்டு பிடிக்கிறவங்களுக்கும், சூடான பால்ல சும்மா கலக்கிக் குடுக்கிறவங்களுக்கும் இதேதான், கொதிக்க வைக்காத சத்துமாவுக்கும் பெட்டி சீரியலுக்கும் கிருமி விஷயத்துல வித்தியாசம் கெடையாது, சொல்லப்போனா பெட்டியே மேல்.

ஒரு எச்சரிக்கை, கொதிக்க வச்சுட்டோம்னு கஞ்சிய மதியம் வரைக்கும் வெளிய வைக்காதீங்க. பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி அரிசியிலயும் தானியத்துலயும் சகஜம், அதோட விதை கொதிச்சாலும் சாகாது, வெதுவெதுப்பா கெடக்கிற கஞ்சியில முளைச்சு விஷத்த விடும், திரும்ப சூடு பண்ணுனாலும் அந்த வாந்தி விஷம் போகாது. நம்ம வெயிலுக்கு ரெண்டு மணி நேரத்துக்குள்ள குடிச்சு முடிக்கிறதுதான் நல்லது.

வாட்ஸ்அப் ஹெல்த் மிக்ஸ் பத்தி சுருக்கமா. நல்லா பண்றவங்க இருக்காங்க, பொம்பளையாளுக சொந்தக்கால்ல நிக்கிறதுக்கு இது பெரிய வழி, அத நான் மதிக்கிறேன். ஆனா முளைகட்டின மிக்ஸ்ல கூடுதல் கவனம் வேணும். ஊறவச்சு துணியில கட்டி ஒரு நாள் வைக்கிற அந்த ஈரமும் கதகதப்பும் கிருமி பெருகவும் சரியான சூழ்நிலை. 2011ல ஜெர்மனியில வெந்தய முளைப்பயறு மூலமா ஈ.கோலைங்கிற கிருமி பரவி ஏறக்குறைய 4000 பேருக்கு நோய், 50 பேருக்கு மேல செத்துப்போனாங்க, அங்க பச்சையா சாப்ட்டாங்க. இங்க காயவச்சு வறுக்கிறோம்னு சொல்லுவாங்க, வறுக்கிறாங்களா இல்ல வெயில்ல காயவச்சதோட அரைக்கிறாங்களான்னு கூச்சப்படாம கேளுங்க. எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) குடுக்கிற 14 இலக்க நம்பரு, அரைச்ச தேதி, பேட்ச் நம்பரு மூணும் பாக்கெட்ல இருக்கணும்.

இந்த பேட்ச் நம்பருதான் ரீகாலோட உயிரே. ரீகால் செய்தி வந்தாலே "பாத்தியா, அந்த கம்பெனி சரக்கு மோசம்"னு ஃபார்வர்டு பறக்குது. எனக்கு அது வேற மாதிரி படுது. அமெரிக்காவுல 36 மாநிலத்துல அங்கொண்ணு இங்கொண்ணா நோய் வந்தவங்கள ஒரே சீரியலோட முடிச்சுப்போட முடிஞ்சதுக்கு காரணம், ஆஸ்பத்திரியில மலத்த கல்ச்சர் பண்ணி (அதுல இருக்கிற கிருமிய வளத்துப் பாத்து) கிடைச்ச கிருமியோட மரபணு ரேகைய நாடு முழுக்க ஒப்பிட்டுப் பாக்குற பல்ஸ்நெட்ங்கிற ஏற்பாடு, 1996லேருந்து ஓடுது. நம்ம ஊருல பிள்ளைக்கு வயித்தால போச்சுன்னா ஓஆர்எஸ், மெடிக்கல்ல ஒரு மாத்திரை, ரெண்டு நாள்ல சரியாயிரும். சால்மொனெல்லா சாப்ட்டு ஆறு மணி நேரத்துலயும் வரலாம், ஆறு நாள் கழிச்சும் வரலாம், யாருக்கு எந்தக் கிண்ணம்னு ஞாபகமிருக்கும்? அதனால சத்துமாவு ரீகால் ஆனதா கேள்விப்பட்டதே இல்லங்கிறத வச்சு அது சுத்தம்னு சொல்ல முடியாது. நம்ம நாட்டுலயும் 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல ரீகாலுக்கு இடமிருக்கு, 2017ல தனி விதிமுறையே வந்தாச்சு. 2015 மேகி விவகாரத்துல (அது ஈயம் பத்தின புகார், பின்னாடி பாம்பே ஐகோர்ட்டு அந்தத் தடைய ரத்து பண்ணிருச்சு) மூலை முடுக்கு கடையிலேருந்தெல்லாம் பாக்கெட் திரும்பப் போனத எல்லாரும் பாத்தோம், கம்பெனி சரக்குன்னா அப்படி கூப்பிட முடியும். மில்லு மாவ யாரு எங்கேருந்து கூப்பிடுறது?

ஆகமொத்தம் என் வரிசை: நல்லா கொதிச்ச வீட்டு சத்துமாவுக் கஞ்சி முதல்ல, சீல் போட்ட பெட்டி கார்ன்ஃப்ளேக்ஸ் அடுத்தது, வாட்ஸ்அப் மிக்ஸ் கொதிக்க வச்சா முதல் எடத்துக்கு பக்கத்துல, கலக்கிக் குடிச்சா பெட்டிக்கு கீழ, மூட்டைப்பொரி கடைசி. கிரனோலா மியூஸ்லிய கார்ன்ஃப்ளேக்ஸுக்கு ஒரு படி கீழ வைப்பேன், கலக்குற சாமான் அதிகம். நேரமிருந்தா இட்லியோ வெள்ளைப்பணியாரமோ இடியாப்பமோ இது எல்லாத்துக்கும் மேல, ஆவியிலோ எண்ணெயிலோ வெந்து நேரா தட்டுக்கு வருது. ஆறு மாசக் குழந்தைக்கு கூழு ஆரம்பிக்கிறவங்க கொதிக்காத எதையும் குடுக்காதீங்க, காஞ்ச பவுடர்ல குரோனோபாக்டர்னு ஒரு கிருமியும் இருக்கு, பிறந்து ரெண்டு மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்து, அதனாலதான் பால்பவுடர கூட 70 டிகிரிக்கு குறையாத தண்ணியில கலக்கச் சொல்லுது உலக சுகாதார நிறுவனம்.

கடைசியா நம்ம வீடுகள்ல ஒரு பழக்கம், பெட்டிய பிரிச்ச ஒடனே எவர்சில்வர் டப்பாவுல கொட்டிட்டு அட்டைய குப்பையில போட்டுர்றோம். ஹனி ஸ்மாக்ஸ் விஷயத்துல ரீகால் அறிவிச்சப்புறமும் புதுசா ஆளுக நோய்வாய்ப்பட்டாங்க, வீட்டு அலமாரியில கெடந்தத சிலபேரு சரிபாக்காம விட்டிருக்கலாம், சில கடையில வித்துக்கிட்டும் இருந்தாங்க. அதனால தேதியும் பேட்ச் நம்பரும் இருக்கிற துண்ட வெட்டி டப்பா மூடிக்குள்ள ஒட்டி வைங்க, வெளிநாட்டுலேருந்து வந்த பெட்டின்னா அந்த நம்பர அமெரிக்க எஃப்டிஏ (அங்கத்து உணவு, மருந்து கண்காணிப்புத் துறை) ரீகால் பட்டியல்ல ஒரு தடவ தேடிப் பாத்துட்டு பிரிங்க. வீட்டு மாவுக்கும் அரைச்ச தேதிய எழுதி ஒட்டுங்க. வீட்டுல ரெண்டு மூணு பேருக்கு ஒரே சமயத்துல காய்ச்சலோட வயித்தால போச்சுன்னா மிச்ச மாவையோ பெட்டியையோ தூக்கிப்போடாம கட்டி தனியா வச்சுட்டு டாக்டர்ட்ட காட்டுறப்ப கல்ச்சர் டெஸ்ட் எடுக்கலாமான்னு கேளுங்க, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் தகவல் குடுங்க, சாம்பிள் கையில இருந்தாத்தான் அவங்களால எதையும் சோதிக்க முடியும்.