யானைக்குப் பின்னால் கிளிமஞ்சாரோ: நமீபியா டூரில் நாங்கள் ஏமாந்த கதை

31 வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுத்தவள் நான். ஆப்பிரிக்கா வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் போடுவேன். அப்படிப்பட்டவள், 'நமீபியா பாலைவனமும் வனவிலங்கும், 10 நாள்' என்று அச்சடித்த நோட்டீஸில் யானைக் கூட்டத்துக்குப் பின்னால் பனி மூடிய கிளிமஞ்சாரோ நிற்பதைப் பார்த்தும் வாய் திறக்காமல் பணம் கட்டினேன். கிளிமஞ்சாரோ தான்சானியாவில் இருக்கிறது. நமீபியா கண்டத்தின் மறு ஓரம், அட்லாண்டிக் பக்கம். என்னிடம் படித்த எட்டாம் வகுப்புப் பிள்ளை இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

வழக்கு நடப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. கோயம்புத்தூரில் பரபரப்பான ஒரு ரோட்டில் மாடியில் ஆபீஸ். உரிமையாளர் நல்ல பேச்சுக்காரர். 2022இல் நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கிப்புலிகளை மத்தியப் பிரதேசத்தின் குனோ பூங்காவுக்குக் கொண்டுவந்தார்களே, அதை வைத்துத்தான் ஆரம்பித்தார். "டீச்சரம்மா, அதுங்க நம்ம ஊருக்கு வந்துட்டுப் போச்சுங்க, நாம அதுங்க ஊருக்குப் போக வேண்டாமுங்களா?" வந்தவை எங்கே திரும்பிப் போயின என்று கேட்கத் தோன்றவில்லை. சிரித்துவிட்டோம்.

நாங்கள் 11 பேர். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், அவரவர் வீட்டுக்காரர்கள், ஒரு விதவைத் தோழி. தலைக்கு 3,40,000 ரூபாய். அதற்கு மேல் ஜி.எஸ்.டி., அதற்கு மேல் டி.சி.எஸ். என்ற வரிப் பிடித்தம் 17,000. முதல் தவணை நிறுவனக் கணக்குக்குப் போனது. இரண்டாவது தவணையை மட்டும் வேறொரு கணக்குக்குப் போடச் சொன்னார். போட்டோம். 2024 ஆகஸ்டில் கிளம்பினோம். அதில் குறை சொல்ல முடியாது. அங்கே வறண்ட குளிர்காலம், விலங்குகள் நீர்நிலை தேடி வரும் சரியான மாதம்.

பயணத் திட்டத்தில் தங்குமிடம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு சொல் இருந்தது. 'செஸ்ரீம் முகாம் அல்லது இணையான விடுதி.' 'ஒகாகுவேயோ அல்லது இணையான விடுதி.' முதலாவது பெரிய மணற்குன்றுகளின் வாயிலில் இருக்கும் முகாம், இரண்டாவது எட்டோஷா வனவிலங்குப் பூங்காவுக்குள் இருக்கும் முகாம். சென்னையில் ஒரு ஹோட்டலுக்குப் பதில் எதிர் ஹோட்டல் என்றால் பெரிய வித்தியாசம் இல்லை. நமீபியாவில் அந்த இரண்டு சொல்லுக்குள்தான் டூர் முழுவதும் இருக்கிறது. போன பிறகுதான் அது புரிந்தது.

தலைநகர் விண்ட்ஹூக்கின் விமான நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. வெளியே வந்தால் எங்களுக்காக நின்றது ஒரு மினி பஸ், பின்னால் பெட்டிகள் போட ஒரு இழுவண்டி. 'நான்கு சக்கர இயக்க சஃபாரி வாகனம், அனுபவமுள்ள வழிகாட்டி' என்பது நோட்டீஸ் வாசகம். வந்தவர் டிரைவர் மட்டும்தான். அறுபதை நெருங்கும் வயது, அத்தனை மரியாதையான மனுஷர். என்னை 'மேமே' என்றார், என் வீட்டுக்காரரை 'தாத்தே' என்றார். அது தாத்தா என்று காதில் விழுந்து இவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஓவாம்போ மொழியில் அம்மா, அப்பா என்று பெரியவர்களைக் கூப்பிடும் முறை அது என்று பிறகு தெரிந்தது. இரண்டு நாள் முன்புதான் தன்னை வேலைக்குப் பேசினார்கள் என்றும், தன்னிடம் எந்த விடுதியின் சீட்டும் இல்லை, இரவுக்கு இரவு வாட்ஸப்பில் பெயர் வரும் என்றும் அவரே சொன்னார்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டியது, டீசலுக்குப் பணம் வந்து சேர 11 ஆனது. நகரத்தைத் தாண்டினால் சி, டி என்று எழுத்துப் போட்ட சரளைச் சாலைகள்தான். அதில் எங்கள் மினி பஸ்ஸும் இழுவண்டியும் போன அழகில் ஒரு டயர் போனது. மாற்று டயர் ஒன்றுதான் இருந்தது. அதையும் மாட்டிய பிறகு டிரைவர் இன்னும் மெதுவாக ஓட்டினார். இன்னொன்று போனால் கதை முடிந்தது என்று அவருக்குத் தெரியும். இருட்டும் நேரம் சொலிட்டேர் என்ற இடத்தை அடைந்தோம். ஒரு பெட்ரோல் பங்க், 'ஆப்பிள் பை' என்ற பழப் பண்டத்துக்குப் பேர்போன ஒரு பேக்கரி, துருப்பிடித்த பழைய கார்கள். அதற்கும் அந்தப் பக்கம் ஒரு பண்ணைவீட்டில் இறக்கிவிட்டார்கள். அதுதான் செஸ்ரீமுக்கு 'இணையான' விடுதி. செஸ்ரீம் அங்கிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல்.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், நமீப் பாலைவனத்துக்குப் போகும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது செஸ்ரீம் வாயில். பெரிய மணற்குன்றுகளுக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். வெளி வாயில் சூரியன் உதிக்கும்போது திறக்கும். வாயிலுக்கு உள்ளே தங்கியிருப்பவர்களுக்கு மட்டும் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே உள் வாயிலைத் திறந்துவிடுவார்கள். உள்ளே 60 கிலோமீட்டர் தார் ரோடு. அதன் கடைசியில் ஐந்து கிலோமீட்டர் வெறும் மணல், நான்கு சக்கர இயக்க வண்டி மட்டும்தான் போகும். மற்ற வண்டிகள் நின்றுவிட வேண்டும். அங்கிருந்து கட்டணம் கொடுத்து ஷட்டில் ஏற வேண்டும். விடியும் வெளிச்சத்தில் குன்றின் ஒரு பக்கம் நெருப்பாகவும் மறுபக்கம் கருப்பாகவும் தெரியும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை உள்ளே தங்கியவர்கள் எடுத்தவை.

எங்கள் டிரைவர் இருட்டில் ஓட்ட மாட்டேன் என்றுவிட்டார். ஓரிக்ஸ், குடு என்ற பெரிய மான் வகை விலங்குகள் குறுக்கே வரும். அவர் செய்தது சரிதான். வெளிச்சம் வந்து கிளம்பி, சரளையில் ஊர்ந்து, அனுமதிச் சீட்டுக்கு வரிசையில் நின்று, 60 கிலோமீட்டர் ஓடி, ஷட்டிலுக்கு எங்கள் கைக்காசைக் கொடுத்து, செத்த மரங்கள் நிற்கும் டெட்ஃப்லே என்ற வறண்ட படுகையில் கால் வைத்தபோது மணி 11. அதுவும் இறங்கிய இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் மணலில் நடை. எங்கள் தலைமையாசிரியை அக்காவுக்கு 68 வயது. பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க போய்ப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க கண்ணு" என்றார். அவர் கட்டியதும் அதே 3,40,000தான்.

அந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு காலத்தில் ட்சாவ்சாப் ஆறு அதுவரை வந்திருக்கிறது. மணற்குன்றுகள் வழியை அடைத்ததும் தண்ணீர் நின்றது, மரங்கள் செத்தன. செத்து 600 வருஷத்துக்கு மேல் ஆகியும் மக்கவில்லை, மக்குவதற்கும் ஈரம் வேண்டுமே. வெள்ளைக் களிமண் தரையில் கரிக்கட்டையாக அவை நிற்பதைப் பார்த்ததும் பெங்குவேலா குளிர்நீரோட்டம் பற்றி நான் எடுத்த பாடமெல்லாம் நினைவுக்கு வந்தது. குளிர்ந்த கடல் மழையைத் தராது, மூடுபனியை மட்டும் அனுப்பும். அதனால்தான் கடற்கரை ஓரத்திலேயே இத்தனை பெரிய பாலைவனம். 25 நிமிடம் பார்த்தோம். கடைசி ஷட்டிலைச் சொல்லி அவசரப்படுத்தவில்லை யாரும். எங்களால்தான் அந்த வெயிலில் நிற்க முடியவில்லை.

அடுத்து வந்த கடற்கரை ஊர் ஸ்வாகோப்மண்ட் பரவாயில்லை. திட்டத்தில் இருந்த சாண்ட்விச் ஹார்பர் கடற்கரைப் பயணம், 'விருப்பத் தேர்வு, தனிக் கட்டணம்' ஆகிவிட்டது. டிரைவர் தன் பொறுப்பில் வால்விஸ் பே காயலுக்குக் கூட்டிப்போய் பூநாரைக் கூட்டத்தைக் காட்டினார், அதற்குக் கட்டணமே இல்லை. சாப்பாடு பற்றிப் புலம்பப் போவதில்லை. இறைச்சிக்குப் பேர்போன நாட்டில் 'தென்னிந்திய சைவ உணவு உத்தரவாதம்' என்று ஒருவர் எழுதித் தந்தால் அதை நம்பியவர்கள்தான் முட்டாள்கள். பருப்புப் பொடி காப்பாற்றியது.

பிறகு ட்வைஃபல்ஃபோன்டைன். 2,000க்கும் மேற்பட்ட பாறைச் செதுக்கல்கள், 2007 முதல் உலகப் பாரம்பரியக் களம். அதற்காகவே வந்த வரலாற்று ஆசிரியர் ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். 'ரோடு சரியில்லை' என்று வாட்ஸப்பில் ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். ரோடு நன்றாகத்தான் இருக்கிறது, இந்த வண்டிக்கும் இந்த டயருக்கும்தான் சரிவராது என்றார் டிரைவர்.

எட்டோஷாவில் மூன்று இரவு 'பூங்காவுக்கு உள்ளே' என்பதுதான் இந்த டூரின் விலையை நியாயப்படுத்திய வாசகம். இறக்கிவிட்டது அவுட்ஜோ என்ற ஊரில். எட்டோஷாவின் ஆண்டர்சன் வாயில் அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர். இங்கும் வாயில் சூரிய உதயத்துக்குத் திறந்து அஸ்தமனத்துக்கு மூடும். ஆக, தினமும் 200 கிலோமீட்டர் வெறும் போக்குவரத்து, விலங்குகள் நடமாடும் விடியலும் அந்தியும் எங்களுக்கு இல்லை. உள்ளே குறிப்பிட்ட சில இடங்களைத் தவிர வண்டியை விட்டு இறங்கக் கூடாது. மேல்பக்கம் திறக்கும் ஜீப்பில் வந்தவர்கள் நின்றுகொண்டு பார்த்தார்கள். நாங்கள் டவுன் பஸ் மாதிரி ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்தோம். ஆனாலும் எட்டோஷாவின் உப்புப் படுகையின் வெள்ளைச் சேறு பூசிய யானைகள் வரிசையாகத் தண்ணீருக்கு வந்ததை மறக்க முடியாது. விலங்குகள்மேல் எங்களுக்கு எந்த வழக்கும் இல்லை.

நோட்டீஸில் 'எட்டோஷாவில் பிக் ஃபைவ்' என்று போட்டிருந்ததை டிரைவரிடம் காட்டினேன். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை. அவர் எருமைப் படத்தில் விரலை வைத்து, "மேமே, எட்டோஷாவில் எருமையே கிடையாது" என்றார். உண்மை. கணினியில் ஐந்து நிமிடம் தேடியிருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஊருக்குப் போயே இராத ஒருவர் அச்சடித்த நோட்டீஸ் அது.

இரண்டாம் நாள் ஒகாகுவேயோ முகாமில் சாப்பிட நிறுத்தியபோது நான் வரவேற்பறையில் எங்கள் பயணத் திட்டத்தை நீட்டிக் கேட்டேன். அந்தப் பெண் கணினியைப் பார்த்துவிட்டு, இந்தத் தேதிகளுக்கு மார்ச் மாதம் ஒரு கோரிக்கை வந்தது, முன்பணம் வராததால் தானாக விடுவிக்கப்பட்டது என்றார். மார்ச். எங்கள் கடைசித் தவணையை டூர் உரிமையாளர் வாங்கியது ஜூனில். இடம் இல்லை என்று தெரிந்தே வாங்கியிருக்கிறார். அந்தப் பதிலை மின்னஞ்சலில் அனுப்ப முடியுமா என்று கேட்டேன், அனுப்பினார். இன்றைக்கு எங்கள் கையில் இருக்கும் உருப்படியான சாட்சி அது ஒன்றுதான்.

கடைசி நாள் ரத்தான இரண்டு அறை அங்கே கிடைத்தது. கையிலிருந்து கொடுத்து நாங்கள் நான்கு பேர் மட்டும் தங்கினோம். மற்ற ஏழு பேர் அவுட்ஜோவுக்குத் திரும்பினார்கள். அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் போகவில்லை. முகாமை ஒட்டியே ஒரு நீர்நிலை, இரவு முழுக்க விளக்கு. கல் சுவருக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்பதரை மணி இருக்கும், சத்தமே இல்லாமல் ஒரு கறுப்புக் காண்டாமிருகம், பின்னாலேயே குட்டி. தண்ணீரில் தலைகீழாக இரண்டும் தெரிந்தன. தலைமையாசிரியை அக்கா என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. டெட்ஃப்லேயைப் பார்க்காதவர் இதைப் பார்த்துவிட்டார். இது எங்களுக்கு மூன்று இரவு கிடைத்திருக்க வேண்டியது.

திரும்பும்போது டிரைவருக்கு ஐந்து நாள் கூலிதான் வந்திருந்தது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தோம்.

ஊருக்கு வந்து ஆபீஸுக்குப் போனால் உரிமையாளர் காகிதத்தை எடுத்து அந்த இரண்டு சொல்லைச் சுட்டிக்காட்டினார். "இதுல போட்டிருக்குங்களே டீச்சரம்மா, 'அல்லது இணையான'ன்னு." 100 கிலோமீட்டர் எப்படி இணை என்றேன். "ஸ்டார் ஒண்ணுதானுங்களே" என்றார்.

அதோடு விட்டிருப்போம். வரிக் கணக்கு போடும்போதுதான் இன்னொன்று வெளியே வந்தது. டி.சி.எஸ். என்பது டூர் நிறுவனம் நம்மிடம் வாங்கி நம் பான் எண்ணில் அரசுக்குக் கட்ட வேண்டிய தொகை. அப்போது 7 லட்சம் வரையான பேக்கேஜுக்கு 5 சதவீதம். நம் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26 ஏ.எஸ். படிவத்தில் அது தெரிய வேண்டும், கணக்கில் கழித்துக்கொள்ளலாம். 11 பேர் படிவத்திலும் ஒரு ரூபாய் இல்லை. மொத்தம் 1,87,000. வெளிநாட்டு டூர் போய் வந்தவர்கள் தயவுசெய்து இன்றைக்கே உங்கள் படிவத்தைத் திறந்து பாருங்கள். எங்களுக்கு முன் அதே ஆளிடம் வேறொரு நாடு போய் வந்த ஒரு தம்பதிக்கும் இதே கதை என்று பிறகு தெரிந்தது, அவர்கள் பார்க்கவே இல்லை.

நுகர்வோர் உதவி எண் 1915க்கு முதலில் பேசினேன். உரிமையாளர் பதில் போடவில்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டோம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வாட்ஸப் செய்திகள், ஷட்டில் ரசீது, ஒகாகுவேயோ மின்னஞ்சல் எல்லாம் இணைத்திருக்கிறோம். மனு போட்டது ஆறு பேர். மீதிப் பேர் "எதுக்குங்க வம்பு" என்றுவிட்டார்கள். இரண்டு வாய்தா ஆயிற்று, எதிர்த்தரப்பு ஒன்றுக்கும் வரவில்லை.

இனி யாராவது நமீபியா போவதென்றால், முன்பணம் கட்டும் முன் விடுதி ஒவ்வொன்றின் பெயரையும் வாங்கி, 'அல்லது இணையான' என்பதைப் பேனாவால் அடித்துக் கையெழுத்து வாங்குங்கள். அந்த விடுதிக்கு நீங்களே நேரடியாக எழுதி உங்கள் பெயரில் இடம் உறுதியாகி இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளூர் நிறுவனம் யார், அது நமீபிய சுற்றுலா வாரியத்தில் பதிவானதா என்றும் கேளுங்கள். கேட்டதும் "எங்க மேல நம்பிக்கை இல்லீங்களா" என்று முகம் வாடினால் எழுந்து வந்துவிடுங்கள். நான் எழுந்து வரவில்லை.

போன வாரம் அதே ஆபீஸிலிருந்து புது நோட்டீஸ் ஒன்று என் வாட்ஸப்புக்கு வந்தது. என் எண்ணை எடுக்க மறந்துவிட்டார்கள் போல. கென்யா, தான்சானியா, 9 நாள். தங்குமிடங்களுக்குப் பக்கத்தில் அந்த இரண்டு சொல்லும் அப்படியே இருக்கின்றன. மேலே அதே யானைப் படம். இந்த முறை கிளிமஞ்சாரோ மட்டும் சரியான இடத்தில் இருக்கிறது.